வைஃபை காணாமல் போன காலை

தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மடிக்கணினித் திரையின் மூலையில் விசிறி போல விரிந்திருக்கும் வைஃபை குறி அன்று இல்லை. மடுகரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த வெற்றிடத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்று மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை அது. மற்றவர்களின் கணினிக் கோளாறுகளைத் தொலைபேசியில் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அதற்கான கடைசித் தேர்வு. என் திரையைத் தேர்வு நடத்துபவர்களுக்குக் காட்டியபடியே பதில் சொல்ல வேண்டும் என்பதால் கைப்பேசி மட்டும் போதாது. பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஒரு வருடமாக நானே தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தேன். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "கரும்பு வெட்டு நேரத்துல ஆளுங்களுக்கு சோறு ஆக்குறத வுட்டுட்டு இன்னா வேல இது?" என்று பலமுறை கேட்டிருக்கிறார்.

முந்தைய நாள் செய்த அப்டேட்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். அதற்கு முந்தைய கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் பழைய மைய நிரலை, தேர்ந்தெடுத்துக் கணினியை மறுபடி இயக்கினேன். குறி வரவில்லை. வைஃபையை இயக்கும் டிரைவர் நிரலைக் கழற்றி மாட்டும் கட்டளைகளை அடித்தேன், பயனில்லை. கைப்பேசியின் இணையத்தையாவது எடுக்கலாம் என்று ஒயரில் இணைத்தேன். அந்த ஒயர் சார்ஜ் மட்டுமே ஏற்றும். அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். எட்டு நிமிடம்தான் மிச்சம்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் மாமியார்.

"நீங்க வேணான்னு நெனச்சதுதான் நடந்துடுச்சி. இப்ப சந்தோஷமா அத்தை?"

அவர் முகம் சுண்டிப்போனது. அடுப்படிக்குள் போனார். மீண்டும் வந்தார்; முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காலைல அத நான்தான் தொடச்சேன். நல்ல காரியத்துக்கு வைக்கிற பொருளாச்சேன்னு தொடச்சேன். முன்னாடி ஓரத்துல குச்சியாட்டம் ஒண்ணு நவுந்துச்சி. அதால இருக்குமா பாரு."

கணினியைத் தூக்கிப் பார்த்தேன். முன்விளிம்பில், வைஃபையை அணைக்கும் சின்னஞ்சிறு சுவிட்ச். அப்படியொன்று இருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. நகத்தால் தள்ளினேன். நான்கைந்து நொடி. குறி விரிந்தது.

தேர்வில் தேறினேன். மதியம் வயலிலிருந்து வந்த கணவரிடம், "அப்டேட்டால கொஞ்சம் தகராறு, சரியாயிடுச்சி" என்றேன். சோறு போட்டுக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "பொய் எதுக்கு? நான்தான் தொடச்சி கெடுத்தேன்டா." கணவர் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்போது மாமியார் உயிரோடு இல்லை.

அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நான் அப்படிக் கேட்ட பிறகு, உண்மையைச் சொன்னால் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குப் படும் என்று அவருக்கும் புரிந்திருக்கும். அதையும் மீறிச் சொன்னார்.

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். வைஃபை வரவில்லை என்று நாளெல்லாம் யாராவது அழைக்கிறார்கள். கடைசியாக யார் தொட்டது, எதையாவது மாற்றினீர்களா என்று கேட்பேன். பட்டணத்து அதிகாரியானாலும் கல்லூரிப் பெண்ணானாலும் யோசிக்காமல் வரும் பதில் ஒன்றுதான்:

"நான் ஒண்ணும் தொடலையே."