நாலாகப் பிட்ட நற்கருணை

பள்ளியில் என்னோடு படித்தவர்கள் நாற்பத்தொரு பேர் வாட்ஸாப் குழுவில் இருக்கிறோம். பழைய மாணவிகள் எல்லோரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. கன்னியர் பள்ளியில் கழிந்த வருடங்கள் நம் நம்பிக்கையை என்ன செய்தன என்பதுதான் கேள்வி. பக்கங்களைத் திரட்டி வரிசைப்படுத்தும் வேலையை என்னிடம் தந்தார்கள். நான் எதையும் தொலைக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

முப்பத்துமூன்று பக்கங்கள் வந்தன. மாட்டுங்காவில் இருக்கும் பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, தன் வீட்டில் ஐயப்பனுக்கும் மாதாவுக்கும் ஒரே விளக்குதான் என்று எழுதியிருந்தாள். ஒரு கத்தோலிக்கப் பெண், கோயிலுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆனாலும் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஜெபமாலையைத் தூக்கிப்போடக் கை வரவில்லை என்று எழுதியிருந்தாள். அனைத்தையும் தட்டச்சு செய்து பக்க எண் போட்டேன். என் பக்கத்தை மட்டும் எழுத முடியவில்லை. எழுதினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

அப்போது ஏழாம் வகுப்பு. தாராவியில் எங்கள் சந்திலிருந்து செம்பூரில் இருந்த அந்தப் பள்ளிக்குப் போனவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. அப்பாவுக்குத் தகரப் பட்டறையில் வேலை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். இன்னொருத்தி தூத்துக்குடியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஏழு பத்து பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காருவோம். போகும்போது ஜன்னல் அவளுக்கு, திரும்பும்போது எனக்கு. பள்ளியில் தினமும் ஒரு பாடவேளை பிரிவோம். அவர்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. பள்ளித் திருவிழா அன்று மட்டும் எல்லோரும் சிற்றாலயத்தில் நடக்கும் பூசைக்குப் போக வேண்டும். நாங்கள் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பின்வரிசையில் இடம் போதவில்லை. நான் அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்தேன். நற்கருணை வாங்க பெஞ்சு முழுவதும் எழுந்தபோது நானும் எழுந்தேன். கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் எனக்கு முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை மேல் வலது கையை வைத்து ஏந்தினேன். வயதான பாதிரியார் ஒரு கணம் தயங்கி, அப்பத்தைக் கையிலேயே வைத்தார். பிரசாதத்தைத் தனியாகத் தின்னக் கூடாது. கைக்குட்டையில் சுற்றி, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா அதை முருகன் படத்துக்கு முன்னால், திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். அப்பாவும் அண்ணனும் வந்த பிறகு நாலாகப் பிட்டாள். கண்ணில் ஒற்றி, ஆளுக்கொரு துண்டு தின்றோம். மறுநாள் பஸ்ஸில் அவளிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பள்ளி வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றே சிஸ்டர் வகுப்புக்கு வந்தார். தாராவிப் பெண் ஒருத்தி நற்கருணையை அங்கேயே உட்கொள்ளாமல், பாவம் என்று தெரிந்தும் கைக்குட்டையில் சுற்றியதைப் பெரிய வகுப்புப் பெண் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ஓர் இந்துப் பெண் பீடம்வரை வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது யார் என்று கேட்டபடி என் தோழியைத்தான் பார்த்தார். அவள் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் டெஸ்க்கைப் பார்த்தேன். அவள் எழுந்தாள். பாட்டுக்குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் இடைவேளைகளில் சிற்றாலய வாசலில் முழங்காலில் நின்றாள். அதன் பிறகு என்னோடு உட்காருவதை நிறுத்திவிட்டாள். அடுத்த வருடம் அவள் குடும்பம் மான்குர்துக்குப் போய்விட்டது.

இப்படித்தான் முப்பத்தெட்டு வருடங்களாக என் நினைவில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன், அந்த வருடத்ததை மட்டும் திறந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளும் வந்தாள். மான்குர்தில் தையல் வகுப்பு நடத்துகிறாள். முடி நரைத்திருந்தது. கூட்டத்தில் பேச முடியவில்லை. நான் சான்பாடாவுக்குப் போக வேண்டும், இருவருக்கும் ஒரே ரயில்தான். செம்பூரில் ஐந்து பன்னிரண்டு வண்டியில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் இடம் இருந்தது.

"ஏளா, ஜன்னல்கிட்ட உக்காரு. திரும்பிப் போகும்போது உனக்குத்தான."

உட்கார்ந்தேன். பையிலிருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். அவள் சிரித்தாள்.

"இன்னுமா நோட்டு எழுதிட்டு அலையுத? பைத்தியம்!"

"அன்னைக்கு நான்தான் எந்திரிச்சிருக்கணும்," என்றேன்.

"ஆமா. எந்திரிச்சிருக்கணும்."

"நீ ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? சொன்னா சிஸ்டர் உங்கம்மாவக் கூப்பிட்டு உட்டிருப்பாங்க. அந்தப் பொம்பள அம்புட்டு பக்தியாப் பிட்டுக் குடுத்துருக்காங்க. அது பாவம்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. அத நின்னு கேக்க எனக்கு ஆகாது." கோவண்டி ஸ்டேஷன் வந்தது, போனது. "அரே, முட்டி போட்டதெல்லாம் எப்பவோ மறந்துட்டு. நீ பஸ்ஸ மாத்தினததான் மறக்கல."

"நானா? நீதான எங்கூட உக்காராம இருந்த?"

"நல்லாருக்கே கத! சீட்டுல பேக்கப் போட்டு உனக்கு எடம் புடிச்சி வச்சிருந்தேன். கண்டக்டர்ட்ட தினம் ஏச்சு. இந்தா, நோட்டுல பாரு. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், நீயே வாசி."

வாசித்தேன். 'சிஸ்டர் வந்து கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.'

"கள்ளி!" என்றாள்.

பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். மறுநாள்: 'இன்று ஆறு நாற்பது பஸ். கூட்டம் இல்லை.' அதற்கடுத்த நாள்: 'ஆறு நாற்பது. இரண்டு நிமிடம் தாமதம்.' அடுத்த நாளும் ஆறு நாற்பதுதான். வருடக் கடைசிவரை ஒவ்வொரு பள்ளி நாளிலும் என் கையெழுத்து, என் ஒழுங்கு. ஏழு பத்து என்று ஓரிடத்திலும் இல்லை.

அவள் நோட்டை வாங்கி மூடி என் மடியில் வைத்தாள்.

"அந்த நாலு பேருல இப்ப யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தான். அண்ணனும் கொரோனால போயிட்டான்."

"உன் பக்கத்த எழுதுனியா?"

"இல்ல."

"எழுது. உங்கம்மா பிட்டத எழுது."

மான்குர்த் வந்துவிட்டது. 'வாரேன்' என்று அவள் சொன்னதாகத்தான் கேட்டது. இரைச்சலில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏறுகிற கூட்டத்துக்குள் புகுந்து இறங்கி, படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். வாட்ஸாப் குழுவில் அவள் நம்பர் இருக்கிறது, என்னுடையதும் இருக்கிறது. கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

நாட்குறிப்பில் எதையும் அடிப்பதில்லை, திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுவேன். வண்டி கடற்கழிப் பாலத்தில் போகும்போது பேனாவை எடுத்து, 'யாரும் எழுந்திருக்கவில்லை' என்ற வரிக்கு எதிரே எழுதினேன்: 'அவள் எழுந்தாள். நான் எழவில்லை. பஸ்ஸை மாற்றியது நான்.' வண்டியின் ஆட்டத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.

வாஷியில் ஏறிய ஒரு பெண் என் முன்னால் நின்று, "இதர் கோயீ பைட்டா ஹை க்யா?" என்று இந்தியில் கேட்டாள், இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று. அப்போதுதான் பார்த்தேன், தோழி உட்கார்ந்திருந்த இடத்தில் என் பையை வைத்திருந்தேன். யாரும் இல்லை என்று சொல்லி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.