தாழ்வாரத்தில் ஊற்றிய ஃபினாயில்

எங்கள் ஆபீஸில் சுத்தத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால்தான் பார்ப்பார்கள். போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீஸைப் பல வருஷம் கூட்டித் துடைத்தவள் நான். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி கறுப்பு ஃபினாயில் போதும். பெரிய சாபுக்கு, அதாவது எங்கள் ஆபீஸ் தலைவருக்கு, அது போதாது. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஸ்மெல் நஹி ஆயா" என்பார். வாசனை வரவில்லையென்றால் நான் துடைக்கவில்லை என்று அர்த்தம். அரை பாட்டில் ஊற்றுவேன்.

மழைக்காலத்தில் ஃபைல் நனையும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பதினொரு மணிக்குள் எல்லோருக்கும் தலை கனத்துவிடும். டைப் அடிக்கிற தம்பி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர், ஒருமுறை தன் பெயருக்குப் பதில் அப்பா பெயரைப் போட்டு லீவு கேட்டார். லீவு அப்பாவுக்குச் சாங்ஷன் ஆனது. பெரிய சாபுக்கும் அதே காற்றுதானே. மெயின்லேண்ட் கப்பல் தாமதமாகி, ஸ்டோரில் ஃபினாயில் தீர்ந்துபோன வாரங்களில் மட்டும் ஒரு காகிதம்கூடத் தப்பாகப் போகாது. இதைக் கவனித்தவள் அஞ்சாங்கிளாஸ் படித்த நான் ஒருத்திதான்.

அப்போது நான் டெய்லி மஸ்தூர், தினக்கூலி. பர்மனெண்ட் ஆகவேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. வீடு புரோத்ராபூரில். காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்ட கணவர், ஒரு பசுமாடு. காலையில் பால் கறந்துவிட்டு பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

பர்மனெண்ட் செய்ய ஒரு பரீட்சை வைத்தார்கள். பெரிய சாப் அறையில், அவர் முன்னால், ஒரு பக்கம் படித்துக் காட்டி, பெயரும் ஊரும் எழுதவேண்டும். அன்றைக்கு அறை கமகமக்கவேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். அந்த நெடியில் என் பெயரே எனக்கு மறந்துவிடும் என்று பயம். அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அறையை வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு, பாட்டில் முழுவதையும் வெளியே தாழ்வாரத்தில் கொட்டினேன். சாப் அந்த வழியாக வந்தார், உறிஞ்சினார், சந்தோஷப்பட்டார். உள்ளே நான் தடுமாறாமல் படித்தேன். புரோத்ராபூர் என்று கால், கொம்பு பிழையில்லாமல் எழுதினேன். பாஸ்.

அன்றைக்கே ஆர்டரை டைப் அடித்தவர் அந்தத் தம்பி. அவர் மேஜை தாழ்வாரத்தில் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. சாபும் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார்.

நான் பர்மனெண்ட். வேலை செய்யும் இடம், போர்ட் பிளேர் அல்ல, வடக்கே வெகுதூரத்தில் இருக்கிற மாயாபந்தர்.

"மாயாபந்தரா? நானா அடிச்சேன்?" என்றார் தம்பி.

"உங்க கையாலதான் தம்பி."

"அன்னிக்குத் தலை விண்ணுவிண்ணுன்னு இருந்துச்சும்மா. என்னத்த ஊத்தித் தொலைச்சீங்க?"

சொன்னால் பரீட்சையே செல்லாமல் போகும். வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். வீட்டில் கணவர் ஆர்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒனக்குத்தான் ஆர்டர் வந்திருக்கு. மாட்டுக்கு வரலியே" என்றார்.

பகல் முழுக்க பஸ்ஸில் போய் மாயாபந்தரில் இறங்கினேன். அந்த மாசம் அங்கே ஃபினாயில் வந்து சேரவில்லை. ஆபீஸில் கிளார்க்காக இருந்த வங்காளி அக்கா, தீதி என்று கூப்பிடுவார்கள், ஆர்டரை ஒரே தடவை படித்துவிட்டுச் சிரித்தார். வீடு புரோத்ராபூர், வேலை இங்கேயா, இது தப்பு என்று அப்போதே போர்ட் பிளேருக்குக் கடிதம் எழுதினார்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கவரைப் பிரித்ததும் அதே நெடி. தீதி படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிழை திருத்தப்பட்டது என்றுதான் போட்டிருந்தார்கள். வேலையை மாற்றவில்லை. என் வீட்டு விலாசத்தை மாயாபந்தர் என்று மாற்றியிருந்தார்கள்.

வீடு அங்கேதான் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த பிறகு நான் என்ன செய்ய? கணவரை அழைத்துக்கொண்டேன். மாடு மட்டும் ஆர்டர் இல்லாமல், வண்டியில் ஏறி வந்தது.