கறிவேப்பிலைக்கு ஸ்ட்ரோபெரி யோகட்

இன்று இத்தாலியில், பலெர்மோவிலிருந்து பகேரியா ஊருக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன படிக்கிறீர் பிள்ளை?"

"அலங்காரச் செடி வளர்ப்பு, தோட்ட அமைப்பு, அன்ரி."

"பூங்கண்டு நடவும் யூனிவர்சிட்டியோ? நேர்சிங்குக்கு மாறும். அம்மாவோடை நான் கதைக்கிறன்."

அவர் சொன்னால் அம்மா கேட்பார்.

இறங்குவதற்கு முன் போனை நீட்டினார். படத்தில், அவர் வீட்டுப் பல்கனியில் கறிவேப்பிலைக் கன்று இலையெல்லாம் கொட்டி நின்றது.

"என்ன ஊத்தினீங்கள்?"

"ஊரிலை மோர் எல்லோ ஊத்திறது. இஞ்சை மோருக்கு எங்கை போறது? ஸ்ட்ரோபெரி யோகட்டைக் கரைச்சு ஊத்தினன்."

"வேர் அழுகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து மண்ணை மாத்திறன். ஆனா நேர்சிங் கதை அம்மாவிட்டைப் போகக்கூடாது."

"ஓம், ஓம். கண்டைக் காப்பாத்தும்."

நான் மாறப்போவதில்லை. பலெர்மோவில் இன்னும் எத்தனை கறிவேப்பிலைகள் யோகட் குடிக்கின்றன? உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டேன்.