ஏழு நாள் பந்தயம்

இல்லம்மா, உனக்கு யாரோ தப்பா சொல்லிகீறாங்க. என் பெரிய புள்ள பேராசை புடிச்சவன் இல்ல. ஃபோன்ல ரம்மி ஆடறவன்னாலே பேராசைன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. ஜெயிச்ச அன்னிக்கு அவன் வூட்டுக்கு வர்றதப் பாக்கணுமே நீ! பிரியாணி இன்னா, கொழந்தைக்கு கவுன் இன்னா! எனக்கு ஒரு தபா தண்டலத்துலேர்ந்து அல்வா வாங்கியாந்தான், பல்லு போன கெழவிக்கு தோதா, நெய் ஒழுக ஒழுக. உக்காரு, அந்த மொறத்தை தள்ளிட்டு உக்காரு. காசு அவன் கையில நிக்கவே நிக்காது. தோத்துட்டு எழுந்து வரத்தான் அவனால முடியாது.

அது பொறவிக் கொணம். சின்னவன் அப்படி இல்ல. சின்ன வயசுல ரெண்டு பேரும் கோலி ஆடுவானுங்க. நாலு கோலி போச்சுன்னா சின்னவன் "பசிக்குதும்மா"ன்னு வந்து தட்டை எடுத்துப்பான். பெரியவன் வர மாட்டான். போனதைப் புடிக்கிற வரைக்கும் வெயில்லயே நிப்பான். அதை ரோஷம் ரோஷம்னு நானும் பென்னலூர் பூரா பெருமையடிச்சேன். இந்த ரம்மியை சின்னவனும்தான் ஆடுனான். ரெண்டு நாள் தோத்தான், "போர் அடிக்குது"ன்னு அழிச்சுப்புட்டு படுத்துக்கினான்.

பெரியவன்கிட்ட வேலை வாங்கறதுக்கு எனக்கு ஒரே வழிதான் தெரியும். "ரெண்டு கொடத்தை ஒண்ணா தூக்க மாட்டே, பந்தயமா?"ன்னா போதும், மூணு கொடம் கொண்டாந்து வெப்பான். நான் சோறு ஊட்டுனதும் பந்தயத்துலதான், பள்ளிக்கூடம் அனுப்புனதும் பந்தயத்துலதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இந்த வித்தை தெரிஞ்சுது. சிரி, சிரி. நானும் நல்லா சிரிச்சவதான்.

அப்புறம் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போனான். அங்க கேட்டுலயே ஃபோனை வாங்கி பெட்டியில பூட்டிடுவாங்களாம். ஷிஃப்ட் முடிஞ்சாதான் கைக்கு வரும். இவன் ஓடி ஓடி ஓ.டி. பாத்தான். ஞாயித்துக்கிழமை கூட லைன்ல நின்னான். உழைப்பாளி புள்ளன்னு தெருவே சொல்லிச்சு. மருமவதான் ஒரு நாள், "ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? இன்னிக்கு வூட்லதான் இருங்களேன்"னா.

"உள்ள இருக்கறப்பதான்டி நான் மனுசனா கீறேன்"னான்.

எனக்கு அப்போ வெளங்கல. அவ கழுத்துல சங்கிலி போயி மஞ்சக்கயிறு வந்தப்புறம்தான் வெளங்கிச்சு. அவ சத்தம் போடற ஜாதி இல்ல. பாத்திரம் தேச்சிக்கினே சொன்னா: "இன்னொரு தபா அவரு ஆடுனா, கொழந்தையைத் தூக்கிக்கினு குன்றத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன் அத்தை. யாரும் கூப்பிட வராதீங்க."

போன மாசம் லைன்ல புது மிஷின் மாட்டறாங்கன்னு ஏழு நாள் லீவு வுட்டாங்க. மத்தவனுங்களுக்கு கொண்டாட்டம். இவன் மூஞ்சி மட்டும் செத்துப்போச்சு. ஏழு நாளும் ஃபோன் கையிலயே இருக்குமே! மருமவ என்னைப் பாத்தா. நான் தெரிஞ்ச வித்தையை எடுத்தேன்.

"ஏழு நாள் ஃபோனை என்கிட்ட குடுத்துட்டு உன்னால இருக்க முடியாதுடா. பந்தயமா?"

"யாரால? என்னாலயா? புடி ஃபோனை!"

"வாணாம் அத்தை," மருமவ அடுப்பண்ட இருந்து ஓடியாந்தா. "சும்மா குடுக்கச் சொல்லுங்க. பந்தயம்னு மட்டும் சொல்லாதீங்க."

"நீ போடி. பெத்தவளுக்குத் தெரியாதா?"ன்னேன்.

ஒட்டடை அடிச்சான். ஃபேனைக் கழட்டித் தொடைச்சான். பொண்ணை ஏரிக்கரைக்கு இட்டுக்கினு போனான். சும்மா உக்காந்தா மட்டும் கட்டை வெரல் தொடை மேல தேச்சிக்கினே இருக்கும், ஃபோனைத் தள்ற மாதிரி. நாலாம் நாள் சோறே எறங்கல. ஆனா கேக்கலியே! வாயத் தொறந்து ஒரு தபா கேக்கலியே என் புள்ள! ஆறாம் நாள் மருமவ பூ வாங்கி வெச்சிக்கினா. ரொம்ப நாளாச்சு அவ பூ வெச்சி.

ஏழாம் நாள் சாயங்காலம் முன்னாடி வந்து நின்னான். "ஜெயிச்சிட்டேன்மா. குடு." எனக்கு சந்தோஷம் தாங்கல. கன்னத்தை வழிச்சி முத்தம் குடுத்து, ஃபோனையும் கையில குடுத்தேன். அதை வாங்கிக்கினு வாசப்படியிலயே உக்காந்துட்டான். "இன்னிக்கு கை நல்லா கீதும்மா. ஏழு நாள் ஜெயிச்ச கை இது"ன்னான். காப்பி ஆறிப்போச்சு. வெளக்கேத்தறதுக்குள்ள, பொண்ணு ஸ்கூலுக்கு கட்ட வெச்சிருந்தது வரைக்கும் எல்லாம் போயிடுச்சு.

மறுநாள் காலையில மருமவ கொழந்தையோட துணியை மடிச்சி பையில வெச்சா. நான் கையைப் புடிச்சேன். "அவரை நான் குத்தம் சொல்லல அத்தை. எது அவருக்கு வியாதியோ, அதையே மருந்துன்னு நீங்க குடுத்தீங்க"ன்னா. அப்பவும் குரலை ஒசத்தல. பஸ் ஏறிட்டா.

நான் குன்றத்தூர் வரைக்கும் போனேன், வர வேணாம்னு சொல்லியும் போனேன். தண்ணி குடுத்தா. கொழந்தை என் மடியில படுத்துக்கிச்சு. அவ வரல.

இவன் திரும்ப டபுள் ஷிஃப்ட் பாக்கறான். வூட்ல கீற நேரத்துல என்கிட்ட பேச்சு இல்ல. நானும் ஒண்ணும் சொல்றதில்ல. எதைச் சொன்னாலும் என் வாயில பந்தயம் மாதிரியே வருது. ஐயோ, கம்பெனி பஸ் வர்ற நேரமாச்சு! டிபன் டப்பா அவதான் கட்டுவா, இப்போ என் தலையில. நவுரு, நவுரு, அடுப்புல சோறு பொங்கி வழியுது பாரு.