வெங்கிட்டு அண்ணனின் நான்கு நிமிடம்

வெங்கிட்டு அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இடுப்பளவு சாக்கடைக்குள் நின்றுகொண்டு எனக்கு வணக்கம் வைத்தார். பதில் வணக்கம் வைக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. மழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாரும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராக நான் சேர்ந்த முதல் நாள் அது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சிவில் என்ஜினியரிங் முடித்து வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதை அன்றைக்குள் எனக்குக் கீழ் வேலை பார்த்த பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்களுக்கும் பெருமதான் சாரே. தமிழ்க்காரப் பையன் சார் ஆயிட்டு வந்திருக்கு," என்று சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. தாத்தா காலத்தில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். சுள்ளிக்கல்லில் வீடு. மனைவி ராமாத்தாள் ஒரு சுக்கு குடோனில் தரம் பிரிக்கிறார். ஒரே மகள் அஞ்சு, கல்யாணமாகித் திருப்பூணித்துறையில்.

வெங்கிட்டு அண்ணன் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வார். யார் திட்டினாலும் "சரி சாரே." கூட வேலை பார்க்கும் யூசுப் சொல்வான்: "நம்ம வெங்கிட்டண்ணன மிதிச்சுப் பாருங்க சாரே. மிதிச்ச காலுக்கு வலிச்சிச்சான்னு கேக்கும்."

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மலையாளம் மட்டும் எழுத வரும், சிலருக்குத் தமிழ் மட்டும். வெங்கிட்டு அண்ணனுக்கு இரண்டும் வராது. அதனால் வருகைப் பதிவைக் குரலாக்கினேன். காலையில் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப் குழுவில் பெயரையும் தெருவையும் பேசி அனுப்ப வேண்டும். நல்ல யோசனை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், சாயாக்கடையில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெங்கிட்டு அண்ணனுடையது நான்கு நிமிடம் நீண்டிருந்தது. தொடக்கத்தில் வழக்கமான குரல்: "குட் மார்னிங் சாரே, வெங்கிட்டு, பஜார் ரோடு." வீட்டிலேயே பேசியிருக்கிறார். விரல் மேலே வழுக்கியதில் பதிவு நிற்காமல் ஓட, அது தெரியாமல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறார். வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துப் பார்த்து அப்படியே அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த குரல் யாருடையதென்று எனக்கு முதலில் புரியவில்லை. கத்தவில்லை. தணிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கியது. சாயாவில் இனிப்புக் குறைவு, அவ்வளவுதான் விஷயம். "மண்டையில என்னடி, களிமண்ணா? உன்ன மாதிரி ஆள வச்சுக்கிட்டு நான் என்னடி வேல பாக்கறது?" ஏதோ பாத்திரம் சுவரில் மோதிய சத்தம். பிறகு தரையைத் துணியால் துடைக்கும் சத்தம். அந்த நான்கு நிமிடத்தில் ராமாத்தாள் பேசியது ஒரே சொல்.

"சரிங்க."

கையிலிருந்த கிளாஸை வைக்க இடம் தேடினேன். குரல் மட்டும் காரணமில்லை. அந்த இரண்டு வாக்கியங்களும் என்னுடையவை. முந்தின நாள் சாக்கடை மூடியை அவர் மாற்றிப் போட்டதற்கு, என் அப்பா வயதுள்ள அந்த மனிதரிடம், 'டி' மட்டும் இல்லாமல், நான் அப்படியே சொல்லியிருந்தேன். அவரும் "சரி சாரே" என்றிருந்தார்.

நான் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது யூசுப் அதை அவருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இது ஆரு?" என்றார்.

யூசுப் மறுபடி போட்டான். இரண்டாம் முறை கேட்டார். "நான் இல்ல. நான் இப்படிப் பேசமாட்டேன் சாரே, உங்களுக்குத் தெரியுமே." அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே நம்பினார். மூன்றாம் முறை கேட்டபோது நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யூசுபின் மனைவி ஃபாத்திமாவுக்கும் அதே குடோனில் வேலை. அந்தப் பதிவு மதியத்துக்குள் அங்கே போய்விட்டது. ராமாத்தாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இருபத்தேழு வருஷமா நாந்தான் இல்லாதத நெனச்சுக்கறனோன்னு எனக்கே சம்சயமா இருந்துச்சு," என்று சொல்லி எழுந்தாராம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திருப்பூணித்துறைக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கிட்டு அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க படிச்சவரு, கூட வாங்க." என் சொற்களும் அதில் இருந்ததை அதுவரை நான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. வழியெல்லாம் அவர் சபதம் சொல்லிக்கொண்டே வந்தார். இனி மீன் கிடையாது, கோபமே கிடையாது, வீட்டில் குரலே எழாது.

ராமாத்தாள் வாசற்படியில் நின்றே எல்லாவற்றையும் கேட்டார்.

"வெளியில ஆருகிட்டயும் நீங்க கோபப்படறதே இல்லையே. அதெல்லாம் எங்க போச்சு? முழுங்கிக்கிட்டு வந்து எங்கிட்டத்தான கொட்டுனீங்க. இப்ப எங்கிட்டயும் படமாட்டேன்னா எனக்கு இன்னும் பேடியா, பயமாத்தான் இருக்கு. எப்ப ஒடையும்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பின்ன நான் என்ன செய்யறது ராமாத்தா?"

"ஆரு மேல வந்துச்சோ அவங்ககிட்டயே சொல்லுங்க. அது முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா நான் வர்றதப் பத்தி யோசிக்கறேன்."

அஞ்சு உள்ளிருந்து வந்து, "அப்பா, சாயா குடிச்சிட்டுக் கெளம்பு. இன்னைக்கி இது மதி, இது போதும்," என்றாள். அவள் பார்வை என் மீது ஒருமுறை வந்து போனது. நான் செருப்பைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, பஜார் ரோட்டுக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. பம்பும் அடைத்துக்கொண்டது. மேனேஜர் கோவிந்த் போனில் சொன்னார்: "வெங்கிட்டுவை மேன்ஹோலில் இறக்கு. அவன் மறுக்க மாட்டான்." உள்ளே விஷவாயு இருக்கலாம், அப்படி ஆளை இறக்கக் கூடாது என்று படித்தவன் நான். ஆனாலும், "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்," என்றேன்.

அவர் மூடியை நகர்த்தினார். உள்ளே பார்த்தார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "இல்ல," என்றார்.

அந்த நான்கு நிமிடத்தில் கேட்ட அதே குரல். அதே தணிவு, அதே நிதானம்.

"கேஸ் பாக்குற மெஷின் வராம நான் எறங்க மாட்டேன். யூசுபையும் எறங்க விடமாட்டேன். போனக் குடுங்க, கோவிந்த் சார்கிட்ட நானே சொல்றேன்." வாங்கி அதையே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இன்னொண்ணு சாரே. அன்னைக்கி என் மண்டையில களிமண்ணுன்னு சொன்னீங்க. எம்மவள விடச் சின்னவரு நீங்க. அத இனி சொல்லக்கூடாது."

இப்படி ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தக் கடுமை இத்தனை நாளும் அவருக்குள்தான் இருந்திருக்கிறது. எங்கள் பக்கம் அது திரும்பியதே இல்லை.

"தப்புதாண்ணே," என்றேன்.

மெஷின் மறுநாள்தான் வந்தது. அதற்குள் நான்கு கடைகளில் சரக்கு நனைந்துபோனதால், மெஷின் வந்த அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைச் சொன்ன ஆளும் நானே. அவர் என்னைத் திட்டவில்லை. நியாயமில்லை என்று மட்டும் சொன்னார். அதுவும் முன்னால் சொல்லியிருக்கமாட்டார்.

இப்போது வெங்கிட்டு அண்ணன் வேறொரு ஒப்பந்தக்காரரிடம், சாக்கடை உறிஞ்சும் வண்டியில் வேலை செய்கிறார். ராமாத்தாள் ஆவணியில் திரும்பி வந்தார். அதன் பிறகு வீட்டில் இரண்டு முறை அந்தக் குரல் எழுந்தது என்று வெங்கிட்டு அண்ணனே என்னிடம் சொன்னார். இரண்டு முறையும் ராமாத்தாள் மகள் வீட்டுக்குப் போய், சில நாள் கழித்து வந்தார். இந்த மாதம் இருவரும் சுள்ளிக்கல் வீட்டில்தான் இருக்கிறார்கள்.