அண்ணன் கையால் மூன்று சாண்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்று வந்திருந்து, ஒரு வாய் சாப்பிட்டு, இந்தச் சின்னப் புத்தகத்தையும் கையில் வாங்கியிருக்கிற சொந்தக்காரர்களுக்கும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் நண்பர்களுக்கும் என் கும்பிடு. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பேச்சு அங்கே இங்கே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிக்குத் தெற்கே. எங்கள் அம்மாவுக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவர் அண்ணன், கடைசி நான். நடுவில் மூன்றும் தங்கவில்லை. அப்பா இறந்த வருஷமே அண்ணன் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். நான்கு வருஷம் கழித்து என்னையும் வரவழைத்தார். தாதர் ஸ்டேஷனில் நான் இறங்கி நின்றபோது எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் வந்து என் தோளிலிருந்து இடுப்புவரை கையை விரித்து விரித்து வைத்து அளந்தார். "ஒரு சாண் வளந்திருக்கேலே. அம்மா சோறு போட்டிருக்கா," என்றார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் ஆள் குள்ளம். கை மட்டும் ஆறடி ஆளின் கை. அந்தக் கையைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். அங்கே எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அதிலும் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து அதில் ஒன்று கூடினாலும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அண்ணன் கடைந்த துண்டு திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கதையே கிடையாது. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. பரணுக்குப் போகிற ஏணிக்கு அடியில் ஒரு பலகை, சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், இரண்டு ரம்பம், ஒரு இழைப்புளி. இதுதான் அவருடைய சொந்தப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அங்கே உட்கார்ந்துவிடுவார். சுவரோடு மடங்குகிற மேசை, கட்டிலுக்கு அடியில் ஓடுகிற பெட்டி, முக்காலி என்று எதையாவது செய்வார். விற்க மாட்டார். ஆசைக்குத்தான். அங்கே டேப்புக்கு அனுமதி இல்லை. "வாரம் ஆறு நாளும் மில்லிமீட்டருக்குச் சலாம் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமையும் அது என் வீட்டுக்குள்ள வரணுமாக்கும்?" என்பார்.

அதனால் அவரே அளவுகளை உண்டாக்கிக்கொண்டார். மெல்லிய பலகைக்கு 'ஒரு டிக்கெட்'. அந்தக் காலத்து ரயில் டிக்கெட் கெட்டி அட்டையில் இருக்கும், இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. அதில் ஒன்றைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். துளையின் ஆழத்துக்கு 'ஒரு பீடி'. பசை காய்வதற்கு 'ரெண்டு கட்டிங்', அதாவது கட்டிங் என்கிற அரை கிளாஸ் சாயா இரண்டை ஆற அமரக் குடிக்கிற நேரம். திருகாணியை எவ்வளவு முறுக்குவது என்றால் 'மதினி இறுக்கம்'. என் மதினி ஊறுகாய் ஜாடியை மூடினால் எங்கள் சந்தில் யாராலும் திறக்க முடியாது. மதினி இதில் வருத்தம்போல் காட்டிக்கொள்வார். யாராவது, "இது மதினி இறுக்கமா?" என்று கேட்டால் முகம் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர் வருவார். பாலக்காட்டுக்காரர். ஆபீஸ் வேலை. அவருக்கும் வீட்டுப் பால்கனியில் ஒரு சின்னப் பட்டறை உண்டு. குர்லாவில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரே இழைப்புளிக்கு இரண்டு பேரும் கை நீட்டி, அதிலிருந்து சிநேகிதமானவர்கள். நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். சாமிக்குச் சட்டைப்பையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்.

"என்ன ஓய், பீடியெல்லாம் ஒரு அளவா? ஸ்கேலைப் பிடிச்சு அளந்தா கை தேஞ்சா போயிடும்?"

"உம்ம ஸ்கேலு வெயில்ல நீளும் சாமி. பீடி நீளுமா?"

"நீளாது. ஆனா குடிச்சாக் குறையுமே!"

"நான்தான் பீடி குடிக்கமாட்டேனே வே."

நிஜம்தான். அண்ணன் பீடி தொட்டதில்லை. அளவுக்கென்று ஒரே ஒரு பீடியை டிக்கெட்டோடு டப்பாவில் வைத்திருந்தார். ஒரு நாள் மதினியின் தம்பி ஊரிலிருந்து வந்தவர், தெரியாமல் அதை எடுத்துப் பற்றவைத்துவிட்டார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாவி, அளவையே குடிச்சிட்டானே!" சாமி சிரித்துச் சிரித்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கேயோ போய்விட்டேன்.

'ஒரு தம்பி' என்றும் ஒரு அளவு உண்டு. அது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். மதினிக்கு அடுப்பு மேலே ஒரு தட்டு அடிக்க வேண்டும். அண்ணனுக்குக் காய்ச்சல். நானே பலகையை அறுத்தேன். சுவரில் ஏற்றிப் பார்த்தால் இரண்டு விரல் குறைகிறது. அண்ணன் போர்வையை விலக்கி எழுந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. "சரி, இன்னைலேர்ந்து இதுக்குப் பேரு ஒரு தம்பி," என்றார். ஒரு சின்ன மரச் சக்கை வைத்து அந்த இடைவெளியை அடைத்தார். அந்தச் சக்கை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அவ்வளவுதான், சந்து முழுக்கப் பரவிவிட்டது. தையல்காரர், "ஜாக்கெட் கை ஒரு தம்பி கம்மி," என்பார். என் கல்யாணத்தில் பந்தல் கம்பு குட்டையாகப் போனபோது பெண் வீட்டார் முன்னாலேயே ஒருவர், "மாப்பிள்ளை மாதிரியே இருக்கு, ஒரு தம்பி குறையுது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். ஒரு தடவையாவது அண்ணன் வாயால் என் அளவு சரி என்று கேட்டுவிட வேண்டும் என்று இருக்கும். அவரிடம் அது சுலபமில்லை. தப்பான அளவைச் சரி என்று அவர் சொல்லவே மாட்டார். தானே செய்த முக்காலி ஒரு முடி ஆடினாலும் பிரித்துப் போட்டுவிடுவார். மனசு நோகுமே என்று பார்க்கமாட்டார். "அளவுல என்னலே தாட்சண்யம்?" என்பார்.

எல்லா அளவுக்கும் ராஜா அவருடைய சாண். அந்தப் பெரிய கையைக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரித்து வைத்தால், எத்தனை தடவை வைத்தாலும் ஒரே நீளம். சந்தில் யாருக்காவது அலமாரிக்கு, ஜன்னல் திரைக்கு அளவு வேண்டும் என்றால், "அண்ணே, உங்க கையைக் கொஞ்சம் குடுங்க," என்று வந்து நிற்பார்கள். அவர் சணல் கயிற்றை எடுத்து, கையை விரித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையை நீட்டுவார். அந்த முடிச்சுக் கயிறு எத்தனை வீட்டுக்குப் போனதோ தெரியாது. ஸ்கேல் வைத்திருந்த சாமிகூட ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மழைக்கு முன்னாலேயே அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன விதத்திலேயே எங்களுக்குப் புரிந்தது. அவரால் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் மூச்சு நின்றுவிடும். தலையணைகளை அடுக்கினால் சரிந்து சரிந்து விழுந்தன. வாடகைக்குக் கிடைக்கிற முதுகுச் சாய்மானம் எங்கள் கட்டிலுக்கு அகலம் கூடுதல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்பு பீரோ.

"நான் அடிச்சுத் தாரேண்ணே," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பேச மூச்சு வேண்டும், அதைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "மூணு சாண் உயரம். எங் கையால."

மதினி, "டேப்பு இருக்கே தம்பி, பெட்டிக்குள்ள," என்றார். சாமி போனில், "நான் ஸ்கேலை எடுத்துண்டு வரட்டுமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். வாழ்நாள் முழுக்க என்னைக் கேலி செய்த அளவு. இந்த ஒன்றை அவர் கையாலேயே, அவர் சொன்னபடியே, ஒரு முடி பிசகாமல் செய்து காட்ட வேண்டும் என்று வைராக்கியம். பலகையைக் கட்டில்மேல் அவர் மடியோரம் வைத்தேன். அவர் கையை நானே எடுத்து, விரலை விரித்து, பென்சிலால் குறித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கை பஞ்சுபோல் இருந்தது. நான் பிடித்தபடி வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அகலத்துக்குக் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தேன். ஏணிக்கு அடியில் உட்கார்ந்து அவருடைய ரம்பத்தால் அறுத்தேன். திருகாணி எல்லாம் மதினி இறுக்கம். மறுநாள் மத்தியானம் அவரை அதில் சாய்த்து உட்கார வைத்தோம். மூச்சு கொஞ்சம் இறங்கியது.

"அண்ணே, அளவு எப்படி?"

அவர் பின்னால் சாய்ந்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

"கச்சிதம்ல. ஒரு முடி பிசகல."

நான் வெளியே வந்து சந்துக் குழாயடியில் நின்று அழுதேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தையல்காரரிடம் போய், "இனிமேல் ஒரு தம்பின்னு சொல்லாதீரும் வே, எங்கண்ணன் வாயால சரின்னு சொல்லியாச்சு," என்றேன். எழுபது வயது ஆள் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் மகன் வீட்டில், கொஞ்சம் தள்ளிச் சுனாபட்டியில் இருக்கிறேன். தினம் காலை ஏழு மணிக்கு வருவேன், சாயங்காலம் போவேன். பதினான்கு நாள் அண்ணன் அந்தச் சாய்மானத்தில் இருந்தார். பதினைந்தாம் நாள் காலையில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மதினி உள்ளேயிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். அண்ணன் அதில் சாய்ந்தபடியே போயிருந்தார். தலைக்குப் பின்னால், பலகைக்கு மேலே, மதினியின் பழைய சேலை ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

அதை நான் அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு மதினியே சொன்னார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பலகை எட்டல. விளிம்பு பெடரியில குத்திச்சு. நீங்க சாயங்காலம் போனதும் சேலையைச் சுருட்டி வையின்னுவாக. காலைல நீங்க வாரதுக்கு முன்னாடி எடுத்துருன்னுவாக. அன்னைக்கு எடுக்குறதுக்குள்ளதான்..."

"பகல் பூரா?"

"பகல் பூரா பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாக. அவனுக்குத் தெரியப்பிடாதுன்னு சொல்லிட்டாக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அண்ணனுடைய சாண் இல்லை. நோயாளியின் கை. முழுசாக விரியாத கையை விரித்துவிட்டதாக நினைத்து நான் குறித்திருக்கிறேன். அவருக்கு அது குறிக்கும்போதே தெரிந்திருக்கும். முப்பது வருஷம் நூறில் ஒரு பங்கு பார்த்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அளவில் தாட்சண்யம் பார்க்காதவர், கடைசியில் ஒரு தடவை பார்த்தார். அதுவும் எனக்காக. அந்தப் பதினான்கு பகலை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை.

சாமி ஒரு மாதம் கழித்து வந்தார். மாட்டுங்கா வீட்டில் கருவிப் பெட்டிக்குள் இருந்த முடிச்சுக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேருமாகச் சாய்மானத்தின்மேல் மூன்று தடவை வைத்துப் பார்த்தோம். நான்கு விரல் வெளியே நின்றது. சாமி தன் ஸ்கேலை வெளியே எடுக்கவில்லை.

"ரெண்டு தம்பி," என்றேன் நான்.

"ஆமாம் ஓய்," என்றார். கயிற்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் தூக்கி இறக்கிய சந்துப் பிள்ளைகளுக்கும், ஒரு மாதம் மாறி மாறிச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மராட்டிக்காரத் தாய்க்கும், குர்லா பட்டறையிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், சாமிக்கும், ராத்திரி பகல் கண் மூடாத என் மதினிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தையல்காரருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பழையபடியே சொல்லலாம்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் அண்ணன் முடிச்சுப் போட்ட கயிறு இருந்தால் தூர எறிந்துவிடாதீர்கள். இல்லாதவர்களுக்காக, சாமியின் கயிற்றை வைத்து அண்ணனுடைய சாணை இந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு கோடாகப் போடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் பக்கத்துக்குள் அடங்கவில்லை என்றார், கொஞ்சம் சுருக்கிப் போடலாமா என்று கேட்டார். சுருக்கக் கூடாது என்றேன். அதனால் கோடு ஒரு பக்கம் முழுக்க ஓடி, மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. இரண்டு விரல் அளவுக்கு ஒரு சின்னக் கோடு மட்டும் தனியாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.