சங்கத்துக் கூடத்தைப் பூட்ட வந்தாங்க

சங்கத்துக் கூடத்தைப் பார்த்துக்கிற வேலையில விளக்கேத்தறதும் நாமதான், வர்றவங்ககிட்டத் திட்டு வாங்கறதும் நாமதான். ஊர்ப் பொதுச் சாவியை இடுப்புல சொருகினவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

சித்தூர்ல எங்க தெருக் கூடம் நிக்கிற மனை சுகாதாரத் துறையோடது. குத்தகைக்கு எடுத்து, கூடத்தை எங்க ஜனங்களே கட்டினாங்க. குத்தகை முடிஞ்சுபோச்சு, மருந்து குடோன் கட்டணும், காலி பண்ணுங்கன்னு துறை சொல்லுது. புதுப்பிச்சுத் தர்றோம்னு சொன்னீங்களேன்னு நாங்க கேட்கிறோம். இது போச்சுன்னா ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும், வெள்ளிக்கிழமை பஜனைக்கும், புதன்கிழமை குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடறதுக்கும் எங்க பக்கம் வேற இடமே இல்ல.

ஒட்ட வந்தவர்

முதல் நோட்டீசை ஒரு குமாஸ்தா கொண்டாந்தார். வெள்ளிக்கிழமை. அப்பதான் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வச்சிருந்தேன். "இதுமேல ஒட்டாதீங்கய்யா"ன்னேன். அவரும் பையைத் துழாவிட்டு, பசை கொண்டாரலைன்னு முழிச்சார். ரெண்டு பருக்கை சோறு இருந்தா ஒட்டிக்கிறேன்னார். பூசை நாள்ல வந்தவருக்குப் பருக்கையாவா குடுக்கறது? பிரசாதப் புளிசோத்தை இலை நிறைய வச்சேன். துன்னுட்டு, கையைக் கழுவிக்கினு வந்து, நோட்டீசை ஜன்னல் கம்பியில சொருகினார்.

"உங்க புளிசோறு ஒட்டாதும்மா, எண்ணெய் ஜாஸ்தி."

பொண்ணோட போன்

அப்புறம் சங்கத் தலைவரும் நானும் திருப்பதியில இருக்கிற பெரிய ஆபீசுக்குப் போனோம். என் பொண்ணும் திருப்பதியிலதான், அதே துறையிலதான் வேலை செய்றா. பெருமாளே, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வழியெல்லாம் வேண்டிக்கினே போனேன்.

அதிகாரி சாவியைக் கேட்டார். தலைவர் தலையைக் குனிஞ்சுக்கினார். நான் கைகூப்பினபடியே, தெலுங்குலயும் தமிழ்லயும், "இவ்வனு சார், குடுக்க மாட்டேன்"னுட்டேன். பேசினது நான்தானான்னு எனக்கே சந்தேகம். திரும்பி வர்றப்ப பஸ்சுல பொண்ணு போன் பண்ணா. அதுக்குள்ள சேதி அவ ஆபீசுக்குப் போயிருக்குது. திட்டப் போறான்னு கண்ணை மூடிக்கினேன்.

"என் பேரை அங்க எங்கயும் சொல்லாதம்மா. சாவியையும் குடுக்காத."

தூளி ஆடிக்கினு இருந்தப்ப

கொஞ்ச நாள்ல அதே அதிகாரி பூட்டோட சித்தூருக்கே வந்துட்டார். வந்தது புதன்கிழமை. ஊசி நாள்னு அவருக்கு யாரும் சொல்லல போல. உள்ள தூளி ஆடிக்கினு இருக்குது, ஊசி போட்ட குழந்தைங்க அழுவுது, போடாததுங்க அதைப் பார்த்து அழுவுது.

எல்லாரும் வெளிய போங்கன்னார். நான் வாசப்படியிலயே உட்கார்ந்துட்டேன். "பூட்டுங்க சார், எங்களை உள்ள வச்சே பூட்டுங்க"ன்னேன். தாய்மாருங்க ஒருத்தரும் எழுந்திருக்கல. அவர் ஊசி போட்டுக்கினு இருந்த நர்சம்மாவைப் பார்த்து, "நீ நம்ம டிபார்ட்மெண்டுதானே, நிறுத்தும்மா"ன்னார். அந்தம்மா தலையைக் கூடத் தூக்கல.

"மருந்து பாட்டிலைத் திறந்துட்டேன் சார், எடுத்து வச்சு நாளைக்குப் போட முடியாது. நிறுத்தணும்னா, வீணாப் போறதுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பூட்டு வந்த வழியே போயிடுச்சு, கேசு கோர்ட்டுக்குப் போயிடுச்சு. மனை அவங்களுது, சுவர் எங்களுது, உள்ள அழற குழந்தைங்க யாருதுன்னு தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் கூடத்தைப் பெருக்கித் திறந்துதான் வைக்கப் போறேன்.